ஏழாவது கோடு

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை காலை 6.30 மணிக்கு, மகப்பேறு மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், குறைமாதக் குழந்தைகளின் தாய்மார் காத்திருக்கும் அறையிலிருந்த திரை பதினோரு கோடுகளைக் காட்டியது. முந்தைய நாள் மாலை பன்னிரண்டு கோடுகள் இருந்தன.

அறை சின்னது. சுவரோரம் பத்து இரும்பு நாற்காலிகள், ஒரு மேசை, முழங்கையால் திறக்கிற குழாயுடன் கைகழுவும் தொட்டி, கொக்கிகளில் வெளிர்நீல மேலங்கிகள். உள்ளே போகும் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. கதவுக்கு அப்பால் கண்ணாடிப் பெட்டிகளில் குழந்தைகள். தாய்மார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளே போவார்கள். பீய்ச்சி எடுத்த பாலை நர்ஸிடம் கொடுத்துவிட்டு, பெட்டியின் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கைவிட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுவிட்டு வருவார்கள். மற்ற நேரமெல்லாம் இந்த அறைதான். இரவில் எதிர்க் கட்டடத்தில் ஒரு கூடத்தில் படுக்கை.

திரை ஜனவரி 27ஆம் தேதி மாட்டப்பட்டது. அதற்கு முன்பு காலை எடையை ஒரு நர்ஸ் கதவருகே நின்று உரக்க வாசிப்பார். ஒரு குழந்தைக்கு இருபது கிராம் குறைந்திருந்தால் பன்னிரண்டு தாய்மாருக்கும் அது தெரியும். கண்காணிப்பாளருக்கு இது பிடிக்கவில்லை. பெயர் எதுவும் வராமல், எடை மட்டும் கோடாக ஏறுவதும் இறங்குவதும் தெரியும்படி ஒரு திரை வேண்டும் என்று கணினிப் பிரிவுக்கு எழுதினார்.

கணினிப் பிரிவு என்பது பதிவேட்டு அறைக்குப் பின்னால் ஒரு மரத்தடுப்பு. அதற்குள் ஒரே ஒரு நிரலாளர். முப்பத்திரண்டு வயது, மெலிந்த ஆள், யார் கூப்பிட்டாலும் எழுந்து நின்று பேசுகிற பழக்கம். அவர் நான்கு நாளில் ஜாவாஸ்கிரிப்டில் அதைச் செய்து முடித்தார். கோடு வரைவதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்தினார். அந்தக் கருவி கோடுகளுக்குத் தானாகவே நிறம் கொடுத்தது. ஆனால் அதன் கையில் இருந்தது எட்டு நிறம்தான். ஒன்பதாவது கோட்டுக்கு மறுபடி முதல் நிறமே வந்தது.

முதல் வாரம் அறையில் ஒரே கலவரம்.

"அந்த நீலம் என்னுது."

"உன்னுது கீழ போற நீலம். மேல போறது என்னுது."

"யார் சொன்னா?"

"என் பையன் நேத்து நாப்பது கிராம் ஏறினான். சிஸ்டர் வாயாலயே சொன்னாங்க. உன் பொண்ணு என்ன ஏறினா, சொல்லு பாப்போம்."

பெரிய சிஸ்டர், அதாவது அந்தப் பிரிவின் தலைமை நர்ஸ், நிரலாளரைக் கூப்பிட்டனுப்பினார். இருபத்தாறு வருடம் இதே மாடியில் வேலை பார்த்தவர். அவர் சுற்றி வளைத்துப் பேசுவதில்லை.

"உங்க கோட்டால எனக்கு ரெண்டு வேலை கூடிப்போச்சு தம்பி. முன்ன எடை மட்டும் சொல்லிட்டிருந்தேன். இப்ப எந்த நீலம் யாரோடதுன்னு பஞ்சாயத்து பண்றேன்."

"ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனியா ஸ்டைல் குடுத்துடலாம் சிஸ்டர். நிறம், தடிமன், முழுக் கோடா, விட்டு விட்டு வர்ற கோடா, எல்லாமே நாமளே வைக்கலாம்."

"அத மொதல்லயே வச்சிருக்கலாமே."

"வச்சிருக்கலாம் சிஸ்டர்."

பிப்ரவரி 3ஆம் தேதி அவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்கே வந்தார். மேசையில் வைத்து, தாய்மாரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் கோட்டை அவரவரே தேர்ந்தெடுக்கச் சொன்னார். அன்று அந்த அறையில் இருந்த சிரிப்பைப் பற்றிப் பின்னால் பலரும் சொன்னார்கள்.

ஒருவர் ஆரஞ்சு கேட்டார். மூன்றாவது பிரசவம், வாய் சும்மா இருக்காது. "நல்லா கண்ணக் குத்தற ஆரஞ்சு போடுங்க தம்பி. என் வீட்டுக்காரரு கண்ணாடி போடாமதான் வருவாரு." இன்னொருவர் பச்சை கேட்டார், அதுவும் மற்ற எல்லாக் கோடுகளையும் விட இரண்டு மடங்கு தடிமனாக. "குழந்தைதான் நூலு மாதிரி இருக்கு, கோடாவது பட்டையா இருக்கட்டும்." அன்றிலிருந்து அவருக்குப் பட்டைப்பச்சை என்று பெயர். பெயர் வரக்கூடாது என்று விதி இருந்ததால், அறைக்குள் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் கோடுதான் பெயர். "ஆரஞ்சு சாப்பிட்டாச்சா?" "ஊதாவ டாக்டர் கூப்பிடறாரு." நிரலாளருக்குக் கோட்டுத் தம்பி.

கடைசியாக வந்தவர் இருபத்து நான்கு வயதுப் பெண். முதல் குழந்தை. ஜனவரி 29ஆம் தேதி, பதின்மூன்று வாரம் முன்னதாகப் பிறந்தது. எடை 920 கிராம். பட்டியலில் ஏழாவது. பேருந்தில் மூன்று மணி நேரத் தூரத்திலிருந்து வந்தவர். கணவர் அங்கே ஒரு பலகை அறுக்கும் ஆலையில் வேலை செய்தார், ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். ஆரஞ்சு, பட்டைப்பச்சை, மற்றவர்கள் எல்லோரும் பளிச்சென்ற நிறங்களை எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது கத்தரிப்பூ நிறம்.

"கலர் எதுவா இருந்தாலும் சரி தம்பி. ஆனா விட்டு விட்டு வர்ற மாதிரி போட முடியுமா? புள்ளி புள்ளியா?"

"போடலாங்க்கா. ஏன், முழுசாவே வைக்கலாமே."

"அவன் மூச்சு விடறது அப்படித்தான் இருக்கு. கொஞ்சம் விடறான், நிறுத்தறான். மெஷின் கத்துது, சிஸ்டர் வந்து கால்ல சுண்டறாங்க, மறுபடி விடறான். முழுக் கோடு போட்டா அது அவன் இல்ல."

நிரலாளர் இரண்டு எண்களைத் தட்டினார். கோடு எவ்வளவு நீளம், இடைவெளி எவ்வளவு நீளம் என்பதற்கான எண்கள். திரையில் ஏழாவது கோடு புள்ளி புள்ளியாக உடைந்தது.

"ஆயிரத்து ஐநூறு வந்ததும் முழுசாக்கிடுவீங்களா?"

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. எடை 1,500 கிராமைத் தொட்ட அன்று குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தாயின் வெற்று நெஞ்சில் படுக்கவைத்து, மேலே மேலங்கியைக் கட்டிவிடுவார்கள். அதுவரை பாதம் மட்டும்தான். ஆகவே அந்த அறையில் யாரும் வீட்டுக்குப் போகும் நாளைக் கணக்கிடுவதில்லை. ஆயிரத்து ஐநூறைத்தான் கணக்கிட்டார்கள்.

"நான் ஞாபகம் வச்சு மாத்த வேணாங்க்கா. புரோகிராம்லயே எழுதிடறேன். எடை ஆயிரத்து ஐநூறு ஆனா கோடு தானா முழுசாயிடும்."

"தானாவா?"

"தானா."

"அப்ப எனக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அந்தப் பெண். ஆரஞ்சு சிரித்தார். "இவ ஒருத்தி. மாமியாருக்கு முன்னாடி கம்ப்யூட்டருக்குத் தெரியுதுன்னு கவலைப்படறா." அந்தப் பெண்ணின் பெயர் புள்ளியம்மா ஆனது.

நிரலாளர் எழுதியதில் ஒரு விஷயம் இப்படி இருந்தது. குழந்தைகளின் எடை, மருத்துவமனைப் பதிவேட்டிலிருந்து நேராக வரும் ஒரு பட்டியலில் இருந்தது. கோடுகளின் பாணி, அதாவது நிறமும் தடிமனும் புள்ளியும், இன்னொரு பட்டியலில் இருந்தது. முதல் குழந்தைக்கு முதல் பாணி, இரண்டாவது குழந்தைக்கு இரண்டாவது பாணி என்று இரண்டையும் வரிசை எண் மட்டுமே இணைத்தது. பலரும் அப்படித்தான் எழுதுவார்கள். புதுக் குழந்தை வந்தால் இரண்டு பட்டியலின் கடைசியிலும் ஒன்று சேரும். குழந்தை வீட்டுக்குப் போனால், நர்ஸ் 'வீட்டுக்கு' என்ற பொத்தானை அழுத்துவார். அந்தப் பொத்தான் இரண்டு பட்டியலிலிருந்தும் அந்தக் குழந்தையை எடுத்துவிடும். நிரலாளர் இதையெல்லாம் ஒரு முழு நாள் சோதித்தார். இருபது குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தார். எடை குறைவதை, ஒரு நாள் எடை பதியாமல் விட்டுப்போவதை, தவறுதலாகப் பூஜ்யம் பதிவதைக்கூடப் பார்த்தார். குழந்தை வேறு விதமாகவும் பட்டியலை விட்டுப் போகலாம். அதற்கு அவர் பொத்தான் வைக்கவில்லை.

திரை மாட்டிய நாற்பத்தாறு நாளில் அந்தப் பிரிவில் ஒரு மரணமும் நிகழவில்லை. தன் இருபத்தாறு வருடத்தில் அவ்வளவு நீண்ட இடைவெளியைப் பார்த்ததில்லை என்று பெரிய சிஸ்டர் பின்னர் சொன்னார்.

பிப்ரவரி முழுக்கப் புள்ளிக்கோடு மெதுவாக ஏறியது. அதை ஒட்டியே பட்டைப்பச்சையும் ஏறியது. இரண்டு குழந்தைகளும் ஒரு நாள் இடைவெளியில் பிறந்தவை, பட்டியலில் ஏழும் எட்டும், எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பின்னி, பிரிந்து போயின. பட்டையின் மேல் புள்ளிகள் போவதைப் பார்த்து ஆரஞ்சு, "ரெண்டுக்கும் இப்பவே கல்யாணம் பேசி முடிச்சிடலாம்" என்றார். அவர் குழந்தை அந்த மாதக் கடைசியில் வீட்டுக்குப் போயிற்று. போகும்போது ஆரஞ்சு திரையைப் பார்த்துக் கையாட்டினார். ஆனாலும் பேச்சுத் துணைக்கென்று வாரம் இரண்டு நாள் காலையில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார். வீடு பக்கத்துத் தெரு.

மார்ச் 13ஆம் தேதி புள்ளிக்கோட்டின் முனையில் 1,470 என்று இருந்தது. பட்டைப்பச்சையின் முனையில் 1,465.

"முப்பது கிராம்தான்" என்றார் புள்ளியம்மா. அன்று மாலை அவர் தன் கணவருக்குத் தொலைபேசியில் அதைச் சொன்னார். மூச்சும் சீராகிவிட்டது, இரண்டு நாளாக மெஷின் கத்தவில்லை என்றும் சொன்னார்.

மறுநாள் விடிவதற்கு முன் குழந்தையின் வயிறு உப்பியது. குடலில் தொற்று. குறைமாதக் குழந்தைகளுக்கு அது சில மணி நேரத்தில் வரும். 5.50க்குக் குழந்தை இறந்தது. பணியில் இருந்த மருத்துவர் 6.10க்குப் பதிவேட்டில் அந்தக் கோப்பை முடித்துவைத்தார். விதிப்படி கோப்பில் இருந்த எண்ணுக்கு, அதாவது கணவரின் எண்ணுக்கு, ஒரு நர்ஸ் பேசினார். "உடனே வாங்க" என்று மட்டும் சொல்லப்பட்டது. இப்படிப்பட்ட செய்தியைத் தாய்க்குத் தனியாகச் சொல்லக்கூடாது, குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது அங்கே நடைமுறை. கணவர் முதல் பேருந்தைப் பிடித்தார்.

கோப்பு முடிக்கப்பட்டதும் எடைப் பட்டியலிலிருந்து ஏழாவது குழந்தை நீங்கியது. எட்டாவது குழந்தை ஏழாவது ஆயிற்று. ஒன்பதாவது எட்டாவது ஆயிற்று. பாணிப் பட்டியலில் எதுவும் நகரவில்லை. 6.30க்குத் திரை தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.

புள்ளியம்மா எப்போதும் முதல் ஆளாக வருவார். அன்றும் அப்படியே வந்தார். திரையில் கத்தரிப்பூக் கோடு முழுக் கோடாக இருந்தது. முனையில் 1,505.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி எது என்று பின்னர் விசாரணையில் கேட்டார்கள். அப்போது அவர் உட்காரவில்லை. கணவரை அழைத்து, "முழுசாயிடுச்சுங்க, தானாவே முழுசாயிடுச்சு" என்றார். பேருந்தில் இருந்த கணவர், உடனே வரச் சொன்னது இதற்குத்தான் போலிருக்கிறது, குழந்தையைக் கையில் கொடுக்கும்போது அப்பாவும் இருக்கவேண்டும் போல என்று நினைத்துக்கொண்டார். வழியில் பேருந்து நின்ற இடத்தில் இறங்கி டீ குடித்ததாகவும், பக்கத்தில் நின்ற தெரியாத ஒருவருக்கும் வாங்கிக் கொடுத்ததாகவும் அவர் சொன்னார்.

புள்ளியம்மா எதிர்க் கட்டடத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, முன்பக்கம் பொத்தான் வைத்த உடையை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தார். தொட்டியில் முழங்கை வரை கை கழுவினார். கொக்கியிலிருந்து மேலங்கி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, உள்கதவுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கழுவிய கை எதன் மீதும் படக்கூடாது என்று மேசையைக்கூடத் தொடவில்லை.

ஏழரைக்குப் பட்டைப்பச்சை வந்தார். தன் தடித்த பச்சைக் கோட்டின் முனையில் 1,120 என்று இருப்பதைப் பார்த்தார். ஒரே நாளில் 345 கிராம். கூடை கையிலிருந்து விழ, அவர் கீழ்த்தளத்துக்கு ஓடினார். நிரலாளர் அப்போதுதான் தலைக்கவசத்தை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன செஞ்சீங்க தம்பி. என் பொண்ணுக்கு என்ன ஆச்சு. நேத்து ஆயிரத்து நானூத்தி அறுபத்தஞ்சு இருந்தா."

"ஒண்ணும் ஆகியிருக்காதுங்க்கா. எங்கயோ தப்பாப் பதிஞ்சிருப்பாங்க. வாங்க, பாத்துடலாம்."

படியேறும்போதே அவர் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தட்டச்சில் எண் மாறியிருக்கலாம் என்று நினைத்தார். அறைக்குள் நுழைந்ததும் புள்ளியம்மா எழுந்து நின்றார். கையைத் தூக்கியபடியே.

"கோட்டுத் தம்பி, பாத்தீங்களா. நீங்க சொன்ன மாதிரியே. தானாவே."

அன்று ஆரஞ்சும் வந்திருந்தார். "காலையிலேருந்து இப்படித்தான் கையத் தூக்கிட்டு உக்காந்திருக்கா. போலீஸ் புடிச்சிருக்குன்னு யாராவது நெனச்சுக்கப் போறாங்க" என்றார்.

நிரலாளர் திரையைப் பார்த்தார். பச்சைக் கோட்டின் முழு வடிவமே வேறாக இருந்தது. அது பிப்ரவரி பாதியில்தான் தொடங்கியது. அந்தத் தேதியில் வந்தது ஒன்பதாவது குழந்தை. அவர் மனதுக்குள் கோடுகளை எண்ணினார். பதினொன்று. இன்னொரு முறை எண்ணினார். 'வீட்டுக்கு' பொத்தானை யாராவது அழுத்தியிருந்தால் பாணியும் கூடவே போயிருக்கும். பாணி நிற்கிறது, குழந்தை இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ன தம்பி, உக்காருங்க. ஏன் நிக்கறீங்க" என்றார் புள்ளியம்மா.

"ஒரு நிமிஷங்க்கா. சிஸ்டர ஒண்ணு கேட்டுட்டு வந்துடறேன்."

உள்கதவைத் தட்டினார். பெரிய சிஸ்டர் பாதி திறந்தார். ஆறு மணிப் பணிக்கு வந்தவர், அதுவரை வெளியே வந்திருக்கவில்லை. நிரலாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், ஏழாவது குழந்தை..."

"உங்களுக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல. வீட்டுக்காரரு வந்துட்டிருக்காரு. அவர் வந்ததும் டாக்டர் ரெண்டு பேரையும் உக்கார வச்சுச் சொல்றேன்னாரு."

"அவங்க வெளியில கை கழுவிட்டு உக்காந்திருக்காங்க சிஸ்டர். கையில குடுக்கப் போறீங்கன்னு."

பெரிய சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. நிரலாளர் சொன்னார். பாணி ஒரு பட்டியல், குழந்தை ஒரு பட்டியல், ஒன்று நகர்ந்தது, ஒன்று நகரவில்லை. சொல்லும்போது அது மிகச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. பெரிய சிஸ்டர் வட்டக் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். பிறகு, "அந்தத் திரைய மொதல்ல அணைங்க" என்றார். உடனேயே, "வேணாம். அணைச்சா கேப்பா. நீங்க கூட இருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை முழுக்கத் திறந்தார். நடைமுறையை அவர் மீறியது அந்த இடத்தில்தான். பின்னர் அதற்கும் அவரிடம் விளக்கம் கேட்டார்கள்.

அவர் புள்ளியம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொன்னார். நீட்டி முழக்கவில்லை. குழந்தைக்கு விடியற்காலை வயிற்றில் தொற்று வந்தது, எல்லாம் செய்து பார்த்தோம், காப்பாற்ற முடியவில்லை.

புள்ளியம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பின் மிச்சம் இன்னும் இருந்தது.

"யாரச் சொல்றீங்க சிஸ்டர்?"

"உன் பையன்தாம்மா."

"இல்ல சிஸ்டர். நீங்க வேற யாரையோ சொல்றீங்க. அங்க பாருங்க. ஆயிரத்து ஐநூத்தி அஞ்சு. முழுசா இருக்கு பாருங்க."

பெரிய சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கையைப் பிடிக்கப் போனார். புள்ளியம்மா கையை விலக்கிக்கொண்டார், கழுவிய கை என்பதால். பிறகு நிரலாளரைப் பார்த்தார்.

"நீங்க சொல்லுங்க தம்பி. நீங்கதானே வரைஞ்சீங்க. அது பொய் சொல்லுமா?"

பட்டைப்பச்சை கதவோரம் நின்றிருந்தார். ஆரஞ்சு எழுந்து நின்றார்.

"அது உங்க கோடு இல்லக்கா" என்றார் நிரலாளர்.

"கத்தரிப்பூக் கலரு."

"கலர் உங்களுதுதான். கோடு அடுத்த குழந்தையோடது. என் தப்பு. நான் எழுதினதுல தப்பு."

"அப்ப என்னுது எங்க?"

புள்ளியம்மா திரையின் அருகே போய், முனைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தேடினார். கழுவிய விரல். பதினொன்றையும் தொட்டு முடித்த பிறகுதான் அவர் அழத் தொடங்கினார். பட்டைப்பச்சையும் அழுதார். தன் மகள் நன்றாக இருக்கிறாள், அந்த 1,505 தன் மகளுடையது என்பது அவருக்கும் அப்போது தெரிந்திருந்தது. அன்று மதியம் அவர் குழந்தையை நெஞ்சில் கொடுப்பதாக இருந்தார்கள். நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

ஒன்பதே காலுக்குக் கணவர் வந்தார். கையில் ஒரு பை, அதில் சின்னத் தொப்பி. பெரிய சிஸ்டர் பெட்டியிலிருந்து குழந்தையை எடுத்து, துணியில் சுற்றி, புள்ளியம்மாவின் கையில் கொடுத்தார். புள்ளியம்மா நாற்பது நிமிடம் வைத்திருந்தார். அதற்கு முன் அவர் மறுபடி ஒருமுறை கை கழுவினார். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

மாற்றம் செய்ய நிரலாளருக்கு நாற்பது நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. பாணியை வரிசை எண்ணோடு கட்டாமல், ஒவ்வொரு குழந்தையின் கோப்பு எண்ணோடு கட்டினார். நான்கு வரி. இனி யார் போனாலும் யாருடைய நிறமும் இன்னொருவருக்குப் போகாது. பத்து மணிக்கு முன்பே திரை சரியாகிவிட்டது. பச்சைக் கோடு தன் இடத்துக்குத் திரும்பியது. கத்தரிப்பூ இல்லை.

அடுத்த வாரம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு உட்கார்ந்தது. கண்காணிப்பாளர் கேட்டார்: "குழந்தை இறந்துபோனா என்ன ஆகும்னு நீங்க யோசிச்சுப் பாக்கலையா? இது ஆஸ்பத்திரி."

"யோசிக்கல சார்."

"ஏன்?"

ஆரஞ்சையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர், "ஒரு மணி நேரம் சந்தோஷமா இருந்தா. அதுக்கு மேல அவளுக்கு என்ன கெடைச்சுது? அந்தத் தம்பிய ஏன் போட்டு வறுக்கறீங்க" என்றார். பட்டைப்பச்சை அப்படிச் சொல்லவில்லை. அந்தத் திரையைத் தான் இனி பார்க்கப்போவதில்லை என்றார்.

மார்ச் 27ஆம் தேதி புள்ளியம்மா இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தார். தனியாகத்தான் வந்தார். சான்றிதழை வாங்கிக்கொண்டு பதிவேட்டு அறைக்குப் பின்னால் வந்து நின்றார். நிரலாளர் எழுந்தார்.

"உக்காருங்க்கா."

"இல்ல, பஸ் இருக்கு. ஒண்ணு கேக்கணும். அவன் கோடு அழிஞ்சுபோச்சா, இருக்கா?"

"இருக்குங்க்கா. எடையெல்லாம் பதிவுல இருக்கு."

"காகிதத்துல எடுத்துத் தர முடியுமா?"

முடியும் என்றார். உட்கார்ந்து, 920 முதல் 1,470 வரை எல்லா நாள் எடையையும் எடுத்தார். திரையில் கோடு ஒன்று தனியாக வந்தது. புள்ளியம்மா எட்டிப் பார்த்தார்.

"மத்ததெல்லாம் எங்க?"

"உங்களுது மட்டும் எடுத்தேன்."

"எல்லாம் இருக்கட்டும் தம்பி. அவன் தனியா இருந்ததில்லையே."

மார்ச் 13ஆம் தேதி மாலை எப்படி இருந்ததோ அப்படியே பன்னிரண்டு கோடுகளையும் கொண்டுவந்தார். பட்டைப்பச்சையின் மேல் புள்ளிகள் ஏறி இறங்கிப் போயின.

"அக்கா, முழுக் கோடா மாத்தித் தரட்டுமா?"

புள்ளியம்மா யோசித்தார்.

"ஆயிரத்து ஐநூறு வரலையே" என்றார். பிறகு, "அன்னைக்கு உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. கை கழுவிட்டு உக்காந்திருந்தேன் பாருங்க, அதுதான் தெனமும் ஞாபகம் வருது. சோப்பு எடுக்கறப்பல்லாம் வருது" என்றார்.

நிரலாளர் அச்சிடும் பொத்தானை அழுத்தினார். அச்சுப்பொறியில் வண்ண மை தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு கோடுகளும் கறுப்பாகவே வந்தன. நீலம் எது, ஊதா எது என்று சொல்ல முடியவில்லை. பச்சை தடிமனால் தெரிந்தது. புள்ளிக்கோடு ஒன்றுதான் இருந்தது.

புள்ளியம்மா காகிதத்தை மடிக்காமல், சான்றிதழ் வைத்திருந்த பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 2ஆம் தேதி திரையைக் கழற்றிக் கீழ்த்தளத்தில் மருந்து கொடுக்கும் இடத்தில் மாட்டினார்கள். அதில் இப்போது டோக்கன் எண் வருகிறது. இரண்டாம் மாடியில் காலை ஆறரைக்கு ஒரு நர்ஸ் கதவருகே நின்று எடையை வாசிக்கிறார்.